பின் இடது கதவு

கங்காதர நெல்லூரில் என் தம்பி லோகேஸ்வரன் வீட்டு வாசலில் நான் போய் இறங்கியபோது, அந்தக் கார் கழுவித் துடைத்துத் தயாராக நின்றிருந்தது. வெள்ளை நிற டீசல் செடான், பன்னிரண்டு வயது. பானெட்டில் என் முகம் தெரிந்தது. டயருக்குக்கூடக் கறுப்பு பாலிஷ் போட்டு வைத்திருந்தான். விற்கிறவன் டயருக்கு பாலிஷ் போட்டிருந்தால் வாங்குகிறவள் இரண்டு முறை குனிந்து பார்க்க வேண்டும். நான் குனியவில்லை. தம்பி வண்டிக்கு எதற்குக் குனிவது?

"வெளியாளு மூணு லட்சத்துக்குக் கேட்டுக்கினு நிக்கிறான்கா. ஒனக்குன்னா ரெண்டு அறுபது. நம்ம வூட்டுலயே இருக்கட்டும் வண்டி" என்றான்.

எனக்குக் கார் தேவைப்பட்டது. வீடு புத்தூரில், கடை திருச்சானூரில். கோயிலுக்குப் போகும் வழியில் பூஜை சாமான் கடை. பித்தளை விளக்கையும் குங்கும மூட்டையையும் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் ஏற்றி இறக்கி என் இடுப்பு போய்விட்டது. என் வீட்டுக்காரர் நாகேந்திரன் ஸ்ரீசிட்டியில் ஒரு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். அவரை நம்பினால் நான் எங்கும் போய்ச் சேர முடியாது என்று நாற்பத்து மூன்று வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டவள் நான். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துப் பணத்தைத் திரட்டியிருந்தேன்.

பணத்தைக் கையில் கொடுப்பதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்டேன். "காணிப்பாக்கத்துல சத்தியம் பண்ணிடுடா."

எங்கள் சித்தூர் ஜில்லாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வரப்புத் தகராறு, திருட்டுப் பழி, கொடுத்த கடனை இல்லை என்பது, எல்லாமே காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் போய்த்தான் முடியும். அங்கே பொய் சொன்னவன் தொண்ணூறு நாள் தாண்ட மாட்டான் என்பார்கள். கோர்ட்டில் வாய் கூசாமல் பொய் சொல்கிறவன்கூட அந்தக் கோயில் குளத்துப் படியில் கால் வைக்க யோசிப்பான்.

லோகு யோசிக்கவில்லை. குளத்தில் முழுகி, ஈர வேட்டியோடு சன்னிதியில் நின்று கையை நீட்டினான். "இந்த வண்டி எங்கயும் அடிபடல. இதுல எந்தக் கொறையும் இல்ல. எங்க அக்காகிட்ட எதையும் மறைக்கல." சொல்லி முடித்தபோது அவன் உதடு நடுங்கியது. தண்ணீர் சில்லென்று இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மெக்கானிக்கைக் கூட்டிப் போக வேண்டிய இடத்துக்குச் சாமியைக் கூட்டிப் போனவள் நான். என்னைத் திட்ட வேண்டுமென்று தோன்றினால் இங்கேயே திட்டிவிடுங்கள். பின்னால் இதைவிடப் பெரிய காரணம் வரும்.

முதல் வாரத்திலேயே சத்தம் வந்தது.

வடமாலப்பேட்டை டோல்கேட் தாண்டி வந்துகொண்டிருந்தேன். நல்ல வெயில். காரிலேயே போன் பேசுகிற வசதி உண்டு, பாட்டுப் பெட்டியோடு இணைத்துவிட்டால் ஸ்பீக்கரில் கேட்கும். மொத்த வியாபாரியிடம் கற்பூர விலை பேசிக்கொண்டிருந்தேன். பின்பக்கம், இடது மூலையில், டொக் டொக் டொக்.

மூன்று. அப்புறம் கொஞ்ச நேரம் இல்லை. மறுபடியும் மூன்று.

பழைய வண்டி என்றால் சத்தம் வரத்தான் செய்யும் என்று திருச்சானூர் பைபாஸில் ஷெட் வைத்திருக்கும் ரங்கையாவிடம் கொண்டுபோய் விட்டேன். ரங்கையா ஐம்பது வயது மனிதர், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார், காதுதான் அவருக்கு எல்லாக் கருவியும். ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "அக்கா, நீங்க பேசக் கூடாது. சத்தம் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுக் குண்டும் குழியுமான ரோடாகப் பார்த்து ஓட்டினார். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு சத்தமும் வரவில்லை.

மெக்கானிக் ஓட்டினால் வண்டி நல்ல பிள்ளையாகிவிடும் என்பது கார் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ரங்கையா சிரித்தார். இந்த வயதுள்ள வண்டியில் முதலில் போவது லிங்க் ராடும் புஷ்ஷும்தான் என்று அதை மாற்றினார். அடுத்த நாள் நான் ஓட்டியபோது டொக் டொக் டொக். பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார். டொக் டொக் டொக். லோயர் ஆர்ம் மாற்றினார். இதற்கே பதினான்காயிரம் ஆகிவிட்டது. இதற்கிடையில் கிளட்ச் வேறு தேய்ந்து, அதற்குப் பதிமூன்றாயிரம் தனியாக அழுதேன். கிளட்ச் போனதில் எனக்கு வருத்தமில்லை, அது நியாயமான செலவு. போட்டதும் சரியாகிவிட்டது.

சரியாகாதவை மூன்று. மூன்றும் பின் இடது பக்கமே.

ஒன்று அந்தச் சத்தம். இரண்டாவது, அந்தப் பக்கக் கதவின் கண்ணாடி இறங்காது. மோட்டார் கருகியிருந்தது. புது மோட்டார் போட்டார், ஒரு வாரத்தில் அதுவும் கருகியது. "யாரோ சுவிட்ச மேல கைய வச்சி எடுக்காமயே இருந்தா இப்பிடி ஆவும்கா" என்றார். அந்த சீட்டில் யாரும் உட்காருவதே இல்லை என்றேன். அவர் சுவிட்சையே தடவித் தடவிப் பார்த்தார்.

அப்புறம் வாசனை. ஏசி போட்டால் பின் இடது மூலையிலிருந்து மாம்பழ வாசனை வரும். எங்கள் ஜில்லாவில் மாம்பழ வாசனை அதிசயமில்லை. ஆனி மாதம் சித்தூர் ரோட்டில் போனால் மாம்பழக் கூழ் ஃபேக்டரிகளில் இருந்து தோத்தாபுரி வாசனை ஊரையே தூக்கும். ஆனால் நான் சொல்வது ஐப்பசி மாதம். மரத்தில் பிஞ்சுகூட இல்லாத காலம். முதலில் இனிப்பாக வரும், ஐந்து நிமிஷத்தில் புளித்து, அதற்கடியில் வேறு ஏதோ ஒரு வாடை. இரும்பு போல. கூலிங் காயிலையே கழற்றிப் புதிது போட்டார்கள். ஒன்பதாயிரத்து ஐந்நூறு.

வாசனை போகவில்லை.

லோகுவுக்குப் போன் செய்து கத்தினேன். "பழைய வண்டின்னா அப்பிடித்தாங்கா இருக்கும். நான் காணிப்பாக்கத்துலயே சத்தியம் பண்ணியிருக்கேன், இன்னும் இன்னா வேணும் ஒனக்கு?" என்று அவனும் கத்தினான். அத்தோடு போனை வைத்துவிட்டேன். சத்தியம் செய்துவிட்டானே. என் தம்பி என்னிடம் பொய் சொல்லியிருக்க மாட்டான். அம்மா செத்தபோது அவனுக்கு ஒன்பது வயது. இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையை நம்பாமல் யாரை நம்புவது?

கார்த்திகை மாதம் ரங்கையா தோற்றுப்போன கோபத்தில் ஒரு முடிவு செய்தார். "நீங்க ஓட்டுங்க. நான் பின்னால உக்காந்து காத வச்சிக் கேக்கறேன்."

மத்தியானம் மூன்று மணி. பைபாஸில் நாற்பதில் ஓட்டினேன். ரங்கையா பின் சீட்டில் சாய்ந்து, இடது கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். இரண்டு கிலோமீட்டர் போனோம். ஒன்றுமில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பது கண்ணாடியில் தெரிந்தது.

அப்போது வீட்டுக்காரர் போன் செய்தார். கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் எங்கே என்று கேட்டார். "பீரோவுல மேல் தட்டுல இருக்குது பாருங்க" என்றேன்.

டொக். டொக். டொக்.

"ஆபண்டி!" ரங்கையா அலறினார். "நிறுத்துங்கக்கா, நிறுத்துங்க!"

ஓரம் கட்டினேன். அவர் இறங்க முயன்றார். கதவு உள்ளிருந்து திறக்கவில்லை. குழந்தைகள் கதவைத் திறந்துவிடாமல் இருக்க ஒரு பூட்டு உண்டே, அது போடப்பட்டிருந்தது. நான் ஓடிப்போய் வெளியிலிருந்து திறந்துவிட்டேன். மனிதர் ரோட்டோரப் புல்லில் போய் நின்றுகொண்டு, கதவில் வைத்திருந்த காதை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"கீழேர்ந்து வரல" என்றார். "சக்கரத்துலேர்ந்து வரல."

"பின்னே?"

"கதவு உள்பக்கம். என் கன்னத்துக்கிட்ட." விரல் முட்டியை மடக்கிக் காட்டினார். "இப்பிடி."

ஷெட்டுக்குப் போய்க் கதவின் உள் அட்டையைக் கழற்றினார்கள். மோட்டார், கம்பி, கண்ணாடி. வேறு எதுவும் இல்லை. ஆனால் அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது கைப்பிடியைச் சுற்றிக் கோடுகள் தெரிந்தன. மேலிருந்து கீழாக, நான்கு நான்காக. பாலிஷ் போட்டு மறைத்திருந்தார்கள். கைப்பிடியின் இடுக்கில் பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு ஒன்று சிக்கியிருந்தது.

ரங்கையா கல்லாவைத் திறந்து, கடைசியாக நான் கொடுத்த பணத்தை எடுத்து என் கையில் வைத்தார். "நாக்கொத்து அக்கா. இந்த டப்பு எனக்கு வேணாம். வண்டி யாருகிட்ட வாங்கினீங்களோ அவர கேளுங்க."

வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுக்கிற மெக்கானிக்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு லோகு வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தேன். வெளியே வந்தவன் வண்டியைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டான். பக்கத்தில் அவனுடைய புது வண்டி நின்றது.

"ஏறுடா. காணிப்பாக்கம் போலாம். இன்னொரு தபா சொல்லு."

"எதுக்குக்கா, வேலையா கீறேன்."

"ஏறு."

தெருவில் ஆட்கள் பார்த்தார்கள். முன் சீட்டில் ஏறினான். பின்பக்கம் திரும்பவே இல்லை, கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஊரைத் தாண்டி ஒரு வேப்ப மரத்தடியில் நிறுத்தினேன். வளையல் துண்டை டாஷ்போர்டில் வைத்தேன்.

"யாருடா இது?"

டொக். டொக். டொக்.

அவன் முகம் வெளுத்துப் போனது. "எனக்கு இன்னா தெரியும்? பழைய வண்டி, முன்னால யார் யாரோ..." அவன் பேசப் பேச அமைதியாக இருந்தது. நான், "பொய் சொல்லாத லோகு" என்றேன்.

டொக். டொக். டொக்.

மாம்பழ வாசனை வந்தது. ஏசி போடவே இல்லை. இன்ஜினும் ஓடவில்லை.

லோகு அழ ஆரம்பித்தான். ஆனி மாதம் ஒரு சாயங்காலம், கார்வேட்டிநகரம் ரோட்டில், கூழ் ஃபேக்டரியில் வேலை முடிந்து நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணை இடித்துவிட்டான். சுற்றிலும் யாருமில்லை. உயிர் இருந்தது, பேசினாள். பயந்துபோய்த் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தி, சித்தூர் ஆஸ்பத்திரிக்குத்தான் வண்டியைத் திருப்பினான். பிறகு ஏரிக்கரையில் நிறுத்திவிட்டான். வண்டியை ஓடவிட்டு, இறங்கி வெளியே நின்றான். முக்கால் மணி நேரம்.

"தட்டிக்கினே இருந்தா அக்கா. கண்ணாடிய எறக்கப் பாத்தா. பசங்களுக்காகப் போட்ட பூட்டு, தொறக்கல. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கினேன். அப்பால சத்தம் நின்னுபோச்சி."

இருட்டியதும் ரோட்டோரம் கிடத்திவிட்டு வந்துவிட்டான். அடையாளம் தெரியாத வாகனம் மோதிப் பெண் பலி என்று பேப்பரில் வந்தது. பெயர் பச்சையம்மாள்.

"அந்த வண்டிய எங்கிட்ட வித்தியாடா?" என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "அந்தச் சீட்டுல என் கடை சாமானையும் குங்குமத்தையும் வச்சி எடுத்துக்கினு போறேனே!" பின்னால் தட்டிக்கொண்டே இருந்தது. "சாமி முன்னாடி நின்னு சொன்னியேடா! பாவி, ஒன்ன நான் இடுப்புல வச்சி வளத்தேனேடா!"

"வெளியாளுக்கு வித்தா என்னிக்காவது வெளிய வரும். ஒங்கிட்ட இருந்தா வராது, நீ வுட்டுக் குடுக்க மாட்டன்னு நெனச்சேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் அழுகை இல்லை. "எனக்குத் தட்டல பாத்தியா. நீ பேசினாதான் தட்டுது."

டாஷ்போர்டிலிருந்த வளையல் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போற வழியில ஒனக்குப் போன் பண்ணேனே, மறந்துட்டியா? அக்கா, அடிச்சிட்டேன், இன்னா பண்றதுன்னு கேட்டேன். நீதான சொன்ன."

மறந்துதான் போயிருந்தேன். அந்த நிமிஷத்தில்தான் நினைவுக்கு வந்தது என்பதே உண்மை. கடையில் கூட்டம். ஒரு கையில் தராசு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். அடிச்சிட்டேன் என்றான். ஆடோ நாயோ என்று நினைத்தேன். "அட வுடுடா. அங்கயே நின்னுக்கினு இருந்தா ஊரே கூடிடும். பேசாம வூட்டுக்கு வந்து சேரு." அவ்வளவுதான். எதை அடித்தாய் என்று நான் கேட்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை. கேட்டிருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடு என்றுதான் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.

"வண்டி ஸ்பீக்கர்ல வந்துச்சிக்கா ஒன் கொரலு" என்றான் லோகு. "அவளுக்குக் கேட்டுச்சி. பொம்பள கொரலு கேட்டதும் எழுந்துக்கப் பாத்தா. அம்மா அம்மான்னு ஒன்னத்தான் கூப்ட்டா. அவர்கிட்ட சொல்லும்மா, சொல்லும்மான்னா. நீ அதுக்குள்ள வச்சிட்ட."

காருக்குள் மூச்சுச் சத்தம் கேட்டது. நாங்கள் இருவர் இருந்தோம்.

மூச்சு மூன்று பேருடையது.

அன்று மத்தியானமே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். லோகு காலில் விழுந்தான், சொந்தக்காரர்கள் என் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் எனக்குத் துணையாக நின்றார். புகாரை மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஏரிக்கரை, பூட்டு, முக்கால் மணி நேரம், பொய்ச் சத்தியம், வளையல் துண்டு, ஒன்று விடாமல்.

போன் செய்ததை மட்டும் எழுதவில்லை.

அதை எழுதி என்ன ஆகப் போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இடித்தவன் அவன், நிறுத்தியவன் அவன். எல்லாரையும் ஏமாற்றியவனும் அவன்தான். போன் சங்கதியை அவனும் போலீசிடம் சொல்லவில்லையாம். அக்காவையும் இதில் இழுக்க வேண்டாம் என்று வக்கீலிடம் சொன்னானாம். அதைக் கேட்டு அழுதேன். கூடவே கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

கார் இப்போது ஸ்டேஷன் பின்புறம் பிடிபட்ட மணல் லாரிகளோடு தூசி படிந்து கிடக்கிறது. நான் மறுபடி பஸ்ஸில் போகிறேன். ஏழு மாதம் ஆயிற்று. கடையில் பேசினேன், வீட்டில் பேசினேன், போனில் பேசினேன். எங்கேயும் ஒரு சத்தமும் இல்லை. எல்லாம் அந்த வண்டியோடு போய்விட்டது என்று நம்பினேன்.

வருகிற வியாழக்கிழமை சித்தூர் கோர்ட்டில் எனக்குச் சாட்சி. எழுதிக் கொடுத்தது போதாது, வாயால் சொல்ல வேண்டும் என்றார் சர்க்கார் வக்கீல். உளறிவிடக் கூடாது என்பதற்காக நேற்று சாயங்காலம் வீட்டில் ஒத்திகை பார்த்தோம். நாகேந்திரன் நாற்காலியில் உட்கார்ந்து வக்கீல் மாதிரி கேள்வி கேட்டார். நான் நின்றுகொண்டு பதில் சொன்னேன். வெளியே வெளிச்சம் இருந்தது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

வண்டியை எப்போது வாங்கினீர்கள் என்றார். சொன்னேன். வளையல் துண்டு எங்கே கிடைத்தது என்றார். சொன்னேன். உங்கள் தம்பி என்ன ஒப்புக்கொண்டார் என்றார். அதையும் சொன்னேன். குரல் நன்றாகவே வந்தது.

"சரி. சம்பவம் நடந்த அன்னிக்கு ஒங்க தம்பி ஒங்களுக்குப் போன் பண்ணாரா?" என்று கேட்டார். அவருக்கு எதுவும் தெரியாது. கேள்வியோடு கேள்வியாகச் சும்மா கேட்டார்.

"இல்ல" என்றேன்.

படுக்கையறைப் பீரோவுக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

நாகேந்திரன் எழுந்து நின்றார். அவருக்கும் கேட்டிருக்கிறது. பீரோவின் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. ஜன்னல் பக்கமிருந்து காற்று இல்லை. மாம்பழ வாசனை மெல்லக் கூடத்துக்கு வந்தது.

"உள்ள யாருடி?" என்று கிசுகிசுத்தார்.

தட்டுவது நிற்கவில்லை. மூன்று மூன்றாகவும் இல்லை. நிற்காமல், வேகமாக, இரண்டு கையாலும்.

"போன் பண்ணான்" என்றேன். "பண்ணான். நான்தான் வுட்டுட்டு வரச் சொன்னேன்."

சத்தம் நின்றது.

நாகேந்திரன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். லோகுவை நான் அன்று காருக்குள் பார்த்த மாதிரியே பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் இன்னும் வரவில்லை. பீரோவை நான் திறக்கவில்லை. அதன் கைப்பிடி மட்டும் உள்ளிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போலப் பாதி கீழே இறங்கி, அப்படியே நிற்கிறது. வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.